கேள்வியைக் கீழே விடாத ஊர்

"நாம் மனிதர்களா, மரங்களா?"

இப்படிக் கேட்டுவிட்டு, வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்வராயன் மலையில் ஓர் ஊர். ஊர் நடுவே பெரிய பலாமரம். மரத்தடியில் இருபத்திரண்டு வீட்டுக்காரர்கள் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். எங்கோ ஒரு பழம் வெடித்து அந்த இடமே தித்திப்பாக மணந்துகொண்டிருந்தது.

இதே கேள்வியை உளுந்தூர்ப்பேட்டையில் கேட்டால் கைதட்டல் வரும். கள்ளக்குறிச்சியில் கேட்டால் கைதட்டலோடு இரண்டு விசிலும் வரும். எத்தனையோ மேடைகளில் பரிசோதித்துப் பார்த்த கேள்வி அது. அடுத்து நான் ஒரு மடக்கு தண்ணீர் குடிக்க வேண்டும், கைதட்டல் அடங்க வேண்டும், அப்புறம் குரலைத் தாழ்த்த வேண்டும். எல்லாம் கணக்கு.

கைதட்டல் வரவில்லை. முன்னால் குந்தியிருந்த ஊர் மூப்பர் தொண்டையைச் செருமினார். நெற்றியைச் சுருக்கி நன்றாக யோசித்தார். பிறகு, "மனுசங்கதாம்மா" என்றார்.

அவரோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர், "எங்க வூட்லயும் மனுசங்கதான்" என்றார். அதற்கு அடுத்தவர், "மனுசங்கதான்." அதற்கும் அடுத்தவர், "ஆமா, மனுசங்க." இப்படியே வட்டம் சுற்றி வர ஆரம்பித்தது. நான் தூக்கிய விரலை இறக்கவும் முடியாமல் நிற்கிறேன். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை.

ஐந்து குறிப்புகள் வேண்டுமாம்!

இது ஏன் இந்த வாரம் ஞாபகம் வந்தது என்றால், ஒரு கடிதம்தான் காரணம். சின்னசேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறாள். "அம்மா, நீங்கள் அந்தக் காலத்தில் பெரிய பேச்சாளர் என்று இந்தத் தொடரில் எழுதுகிறீர்கள். மேடையில் சிறப்பாகப் பேச ஐந்து குறிப்புகள் மட்டும் சுருக்கமாகத் தரவும்."

ஐந்து குறிப்பாம்! ஊறுகாயா போடுகிறோம், பக்குவம் சொல்லிக்கொடுக்க? இருந்தாலும் பெண் பிள்ளை ஆசையாகக் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்த வித்தைகளை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவை எல்லாம் ஒரே நாளில் பலாமரத்தடியில் எப்படிக் கவிழ்ந்தன என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். அவளுக்கு வேண்டியதை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது திருநாவலூர்ப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் கூலி வேலை. எனக்கு வாய் அதிகம். களை எடுக்கிற இடத்தில் அம்மாவிடம் மற்ற பெண்கள், "இன்னாடி, ஒம் பொண்ணு ரேடியோ மாரி பேசிக்கினே கீது" என்று சலித்துக்கொள்வார்கள். அம்மா, "வாயுள்ள புள்ள பொழச்சிக்கும், வுடு" என்பாள். அந்த ஒரு சொல்லில்தான் நான் பிழைத்தேன்.

பள்ளி ஆண்டு விழாவில் முதல் பேச்சு. மூன்று பக்கம் மனப்பாடம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் எல்லாம் மறந்து போனது. நாக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டத்தைப் பார்த்தபடி மரமாக நின்றேன். ஆச்சரியம், பேசிக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப் என்று அடங்கிவிட்டது. ஏதோ பெரிய விஷயம் சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள் போல. எனக்கு மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிதான் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

பேச்சை நடுவில் நிறுத்தினால் கூட்டம் நம் கைக்குள் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மறதியால் வந்த படிப்பு அது.

மற்ற வித்தைகளைப் பிற்பாடு மேடைகளிலிருந்து திருடினேன். எந்தக் கட்சிக் கூட்டமானாலும், எந்த விழாவானாலும் ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் போய் நின்றுவிடுவேன். பேச்சாளர் எப்போது சோடா குடிக்கிறார் என்று பார்ப்பேன். தாகத்துக்கு யாரும் குடிப்பதில்லை. நல்ல வரி ஒன்று வரப் போகிறது என்றால் அதற்கு முன்னால் ஒரு வாய் குடிக்கிறார்கள். எதையும் மூன்று மூன்றாக அடுக்குகிறார்கள். எதிர்க் கருத்தைத் தானே சொல்லி, தானே அடித்து நொறுக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கேள்வி. பதில் தேவைப்படாத கேள்வி. கேட்டவுடன் கூட்டம் "அதானே!" என்று பொங்க வேண்டும்.

இன்னொரு ரகசியம் உண்டு. முன்வரிசையில் நம் ஆள் ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் முதலில் கை தட்டினால் மற்றவர்கள் தொடர்வார்கள். பெரிய பெரிய பேச்சாளர்களுக்கே அப்படி ஆள் உண்டு. நான் மட்டும் என்ன விதிவிலக்கா?

களமருதூர் வயலில் ஒரு பாடம்

இந்த வாயை வைத்துத்தான் எனக்கு கிராம சேவிகா வேலை கிடைத்தது என்று முந்தைய வாரம் ஒன்றில் எழுதியிருந்தேன். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேச வேண்டும். புகையில்லாத அடுப்பு, வீட்டுத் தோட்டம், பிள்ளை வளர்ப்பு, இவைதான் பேச்சு.

களமருதூரில் அடுப்பைப் பற்றிப் பேசப் போனேன். பெண்கள் எல்லாம் நடவில் இருந்தார்கள். கூப்பிட்டால் வருவார்களா? கூலி போய்விடுமே. நான் வரப்பில் நின்று, "தாய்க்குலமே!" என்று ஆரம்பித்தேன்.

"யாரு குலம்? இன்னாமா வரப்புல நின்னுக்கினு கத்தற? சேத்துல எறங்கு. நட்டுக்கினே கேக்கறோம்" என்றாள் ஒருத்தி.

இறங்கினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஒரு நாற்று முடியைக் கையில் எடுத்தேன். குனிந்து நட்டுக்கொண்டே பேசினால் மூச்சு நீளாது. நீள வாக்கியம் வரவே வராது. கண் எரியுது, அடுப்பு காரணம், மாத்து. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அந்த ஊரில் அடுப்பு போட்டுக்கொண்டவர்கள் அதிகம். ஆனால் அதை நான் ஒரு பாடமாக அன்று எடுத்துக்கொள்ளவில்லை. கைதட்டல் இல்லாத பேச்செல்லாம் ஒரு பேச்சா என்று ஆங்காரமாக இருந்த வயது.

அப்புறம்தான் மலைக்கு மாற்றினார்கள்.

ராமாயி கேட்டது

வெள்ளிமலையில் தங்கிக்கொண்டு சுற்றியுள்ள ஊர்களுக்கு நடந்தே போவேன். நம் கதை நடந்த ஊருக்கு அப்போது ஜீப் மட்டும்தான், அதுவும் மழை இல்லாத நாளில், முக்கி முனகி ஏறும். இடையில் ஓர் ஓடை. மழை பெய்தால் ஓடை யாரையும் விடாது.

அந்த ஊரில் எனக்கு முதலில் சாமைச் சோறு போட்டவள் ராமாயி. என் வயதுதான் இருக்கும். பேச்சு கம்மி, வேலை ஜாஸ்தி. நான் வாய் ஓயாமல் பேசுவேன். அவள் முறத்தில் புடைத்துக்கொண்டே கேட்பாள். எங்களுக்குள் எப்படி ஒட்டிப்போனது என்று தெரியவில்லை. சட்டியும் மூடியும் போலப் பொருந்திவிட்டோம்.

ஒருநாள் புடைப்பதை நிறுத்தாமலே சொன்னாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் தவறிப் போயிருந்தன. இரண்டு முறையும் வலி கண்டு வெகு நேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, ஆண்கள் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரிக்கு இறங்கியிருக்கிறார்கள். இரண்டு முறையும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது மூன்றாவது. ஐந்தாம் மாதம்.

"ஐப்பசியில வரும், சேவிகாம்மா. அடமழ. ஓட ரொம்பிக்கினு நிக்கும்."

"அப்ப இன்னா பண்ணப் போற?" என்றேன். நானும் அங்கே என் ஊர்ப் பேச்சுதான் பேசுவேன்.

"இந்த வாட்டி டோலியில ஏற மாட்டேன். செத்தா வூட்லயே சாவறேன்."

அவள் புடைத்த உமியை ஊதிவிட்டு அடுத்த முறத்தை எடுத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆபீசுக்கு ஒரு தகவல் வந்திருந்தது. மலையில் அந்தப் பக்கத்துக்கு ஒரு நர்சைப் போடப் போகிறார்கள். அங்கேயே தங்கிப் பிரசவம் பார்ப்பார். எந்த ஊரில் என்று முடிவு செய்ய மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். ரோட்டோரத்தில் இன்னோர் ஊரும் போட்டிக்கு இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் மனு, மாலை, மேளம் என்று தடபுடலாகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அங்கே நர்ஸ் இருந்தால் ராமாயிக்கு நடுவில் அதே ஓடை.

நான் ராமாயியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "கவலப்படாத. நான் பேசற பேச்சுல நர்சம்மா ஒங்க ஊருக்கே வரும். வரல, என் பேர மாத்தி வெச்சிக்கோ" என்றேன்.

வாய்க்கொழுப்பு. ஆனால் சொன்ன அந்த நிமிஷம் நான் முழு மனதோடுதான் சொன்னேன். அவளும் என் முகத்தை வெகு நேரம் பார்த்தாள்.

கிளி ஓட்டுகிற கை

பேச்சை நான்கு நாள் தயாரித்தேன். மூன்று கேள்வி. மூன்றும் உச்சத்தில் வரும்படி கோத்திருந்தேன். முன்வரிசைக்கு எங்கள் ஆபீஸ் பியூன் ஏகாம்பரத்தை ஏற்பாடு செய்தேன். "நான் வெரல தூக்கனா நீ தட்டணும். மறந்துடாத."

"தட்டிடறேங்க. தட்டறதுக்கு இன்னா, கை வலிக்கவா போவுது?" என்றான் ஏகாம்பரம்.

அதிகாரி வந்தார். ஒரே ஒரு மரநாற்காலி, அதில் உட்கார்ந்தார். "அம்மா, பத்து நிமிஷம். மழை வர்ற மாதிரி இருக்கு. இருட்டறதுக்கு முன்னால நான் இறங்கணும்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் ஜீப்பிலேயே இருந்தான்.

நான் ஆரம்பித்தேன். விரலைத் தூக்கினேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மேலே சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வீடும் தாங்கள் மனிதர்கள்தான் என்று ஒவ்வொன்றாக உறுதி கூறின. நடுவில் ஏகாம்பரம் பாவம், சொன்ன வாக்கைக் காப்பாற்றத் தனியாகப் பட் பட் என்று தட்டினான். மொத்தக் கூட்டமும் அண்ணாந்து மரத்தைப் பார்த்தது.

"கிளி எங்கடா?" என்றார் ஒருவர்.

அவர்கள் ஊரில் கை தட்டுவது சாமைக் காட்டில் கிளி ஓட்டத்தான். ஏகாம்பரம் கையை இடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

ஐந்து மாதமாக அந்த ஊருக்குப் போய் வந்தேனே தவிர, ஊர்க் கூட்டத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அங்கே ஒரு வழக்கம். கூட்டத்தில் எவராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால், வீட்டுக்கு ஒருவர் பதில் சொல்லி முடிக்கும்வரை அடுத்த பேச்சு கிடையாது. தெரியாவிட்டால் தெரியாது என்றாவது சொல்ல வேண்டும். கேள்வியைக் கீழே விட்டுவிட்டு யாரும் எழுந்து போகக் கூடாது. கேட்பவரும் தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். தெரிந்த விஷயத்தை எவராவது கூட்டம் கூட்டிக் கேட்பார்களா? கேட்டேனே நான்!

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எப்படியாவது வேகமாக முடித்துவிடலாம் என்று இரண்டாவது கேள்விக்குத் தாவினேன்.

"பாதை இல்லை, மருந்து இல்லை, மருத்துவச்சி இல்லை! இப்படி இல்லை இல்லை என்று இன்னும் எத்தனை காலத்துக்குச் சொல்லப் போகிறோம்?"

"மருத்துவச்சி கீறாளே" என்றார் மூப்பர். "எங்க அத்ததான். கண்ணுதான் செரியா தெரியல."

"சரிங்க, இருக்காங்க" என்று பல்லைக் கடித்தேன்.

"எத்தன காலம்னு கேக்குது சேவிகாம்மா" என்று அவர் வட்டத்தைப் பார்த்தார். பிறகு ஒருவர் சொன்னார். "நாங்க இல்லன்னு சொல்லவே இல்லீங்களே. யாராச்சும் வந்து கேட்டாத்தான சொல்லுவோம்? யாரும் கேக்கல. நீதான் இன்னிக்கி கேக்கற."

"ஆமா. யாரும் கேக்கல" என்றார் அடுத்தவர். அதுவும் வட்டம் சுற்றி வந்தது. நான் அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் டிரைவர் ஒரு முறை ஹாரன் அடித்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வட்டத்துக்கு வெளியே பெண்களோடு நின்றிருந்த ராமாயியின் பக்கம் நான் திரும்பவே இல்லை. தைரியம் வரவில்லை.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பேசிப் பழகிய வாய் நிற்குமா? தானாக வந்துவிட்டது.

"ஒரு தாய் வலியில் துடிக்கும்போது நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா?"

மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "நின்னவங்க சொல்லுங்க" என்றார்.

அப்புறம் மூலையிலிருந்து ஒருவர் பேசினார். "நான் நின்னேன். எந் தங்கச்சி. ஓடையில தண்ணி எறங்கட்டும்னு டோலிய கல்லு மேல வெச்சிட்டு நின்னோம். எறங்கறதுக்குள்ள அது போயிடுச்சி."

அடுத்தவர், "எங்க வூட்ல அப்படி இல்ல. சாமி புண்ணியம்" என்றார். அதற்கு அடுத்தவர், "எங்க அண்ணி. மொதப் புள்ள" என்றார். இல்லை என்றவர்களும் உண்டு. நின்றேன் என்றவர்களும் உண்டு. ஒருவரும் ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. நான் நான்கு நாள் உட்கார்ந்து அடுக்கிய அடுக்குமொழி எல்லாம் எனக்கே கூச்சமாகிவிட்டது. தூக்கிய விரல் எப்போது இறங்கியது என்றே தெரியாது. புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராமாயியின் புருஷன் முறை வந்தது. அவனுக்கு உதடு துடித்ததே தவிர வார்த்தை வரவில்லை. மூப்பர் காத்திருந்தார். ஊர் காத்திருந்தது. அப்போது வட்டத்துக்கு வெளியிலிருந்து ராமாயி சொன்னாள்.

"எம் புருசன் தூக்கிக்கினு போச்சிங்க. ரெண்டு வாட்டியும். எங்க வூட்ல யாரும் நிக்கல. ஓடிக்கினேதான் இருந்தாங்க. அப்பவும் போயிடுச்சி."

அதிகாரியின் கால் ஆட்டம் எப்போதோ நின்றிருந்தது.

அதிகாரி சொன்ன பதில்

ஹாரன் மறுபடி அடித்தது. அதிகாரி திரும்பாமலே கையை மட்டும் வீசி, நிறுத்து என்றார். பிறகு தானே ஒரு கேள்வி கேட்டார். "கட்டடத்துக்கு இடம் குடுப்பீங்களா?"

வட்டம் மறுபடி சுற்றியது. அவரவர் தங்கள் நிலத்தைச் சொன்னார்கள். இது மேடு, இது பள்ளம், இது ஓடைக்குப் பக்கம் என்று குறையையும் சேர்த்தே சொன்னார்கள். கடைசியில் மூப்பர், "எங் கடுக்கா மரத்தண்ட சமமா கீது. எடுத்துக்கங்க" என்றார்.

"சரி, நான் மேலே எழுதறேன்" என்று அதிகாரி எழுந்தார்.

ஊர் எழவில்லை.

"நாங்க ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றார் மூப்பர். "நர்சம்மா வருமுங்களா?"

"பரிசீலனை பண்ணுவோம்."

மூப்பர் மிக மரியாதையாகக் கையைக் கூப்பினார். "அது பதில் இல்லீங்களே ஐயா. வரும்னு சொல்லுங்க, வராதுன்னு சொல்லுங்க. ரெண்டும் செரிதான். கேள்விய கீழ வுட்டுட்டு நாங்க எழுந்து போவ மாட்டோம். அது வழக்கமில்ல."

மழை ஒரு துளி இரண்டு துளி விழ ஆரம்பித்தது. ஒருவர்கூட அசையவில்லை. கோபமும் இல்லை, கோஷமும் இல்லை. சும்மா குந்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். என்னிடமிருந்த வித்தை எல்லாம் தீர்ந்து போயிருந்தது.

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனைந்துகொண்டிருந்தது. பிறகு, "வரும்" என்றார்.

"எப்பங்க? ஐப்பசி வந்தா ஓட ரொம்பிடும்."

"ஐப்பசிக்கு முன்னால."

"செரிங்க" என்று மூப்பர் எழுந்தார். ஊரே எழுந்தது. ஏகாம்பரம் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டான். நான் முறைத்த முறைப்பில் கீழே போட்டான்.

அதிகாரியோடு நானும் ஜீப்பில் இறங்கினேன். கச்சிராயபாளையம் வந்த பிறகுதான், "நீங்க நல்லா பேசினீங்கம்மா" என்றார். "நான் எங்க சார் பேசினேன்?" என்று சொல்லிவிட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. கட்டடம் வரப் பின்னால் பல காலம் ஆயிற்று. ஆனால் புரட்டாசிக் கடைசியில் ஒரு தகரப் பெட்டியோடும் சுருட்டிய பாயோடும் நர்ஸ் வந்து இறங்கினார். மூப்பர் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். ஐப்பசியில் ராமாயிக்குப் பெண் பிறந்தது. ஓடை அன்றைக்கு நிரம்பித்தான் ஓடியதாம். அதை யாரும் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

மறக்க முடியுமா?

அதன் பிறகு என்னை அங்கிருந்து மாற்றிவிட்டார்கள். ரிஷிவந்தியம், சங்கராபுரம் என்று சுற்றினேன். மலைக்கு ஓரிரு முறை போனதோடு சரி. மேடையை மட்டும் விடவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் நிறுத்திக் காத்திருக்க ஆரம்பித்தேன். கூட்டம் முதலில் நெளியும். அப்புறம் எவராவது ஒருவர் வாய் திறப்பார். சில நாள் வசமாக மாட்டிக்கொண்டதும் உண்டு. ஒரு முறை, "இந்தத் திட்டத்தால் யாருக்கு நன்மை?" என்று கேட்டுவிட்டு நின்றேன். "காண்ட்ராக்டருக்கு" என்றார் ஒருவர். என் மேலதிகாரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பணி ஓய்வு பெற்றபோது கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். ரோஜா மாலை, சால்வை, கேசரி, எல்லாம் உண்டு. ஏகாம்பரமும் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தான். எனக்குத் தெரியாமல் மலைக்குப் போய் ராமாயியைக் கூட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தான்.

புகழ்ந்து பேசியவர் பெரிய பேச்சாளர். என்னைப் போலவே மூன்று மூன்றாக அடுக்கினார். தண்ணீர் குடித்தார். விரலைத் தூக்கினார். "இந்த அம்மையாரை நாம் மறக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்.

கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மறந்துட்டமுங்க."

மண்டபமே திரும்பியது. நரைத்த தலையோடு ராமாயி எழுந்து நின்றிருந்தாள். பேச்சாளர் விரலை இறக்க முடியாமல் நின்றார். அந்த நிலைமை எப்படி இருக்கும் என்று எனக்கல்லவா தெரியும்!

"பொய் சொல்லக் கூடாதுங்க. ஏகாம்பரம் வந்து சொன்னப்புறந்தான் நெனப்பு வந்திச்சி. நர்சம்மா வந்ததிலேர்ந்து எங்க ஊர்ல பிரசவத்துக்கு டோலி கட்டலிங்க. அந்தக் கஷ்டம் மறந்து போச்சி. கஷ்டம் மறந்தா, அதோட சேந்து இந்தம்மாவும் மறந்து போச்சி. கேட்டீங்க, சொல்லிட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள்.

ஏற்புரைக்கு நான் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றேன். பேச்சு வரவில்லை. இந்த முறை மறதி இல்லை, வித்தையும் இல்லை. அழுதேன், ஒளிப்பானேன்?

கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ராமாயி, அந்த ஐப்பசியில பொறந்ததே, அது எங்க?"

"தோ, பக்கத்துல குந்திக்கினு கீது" என்றாள். "அதுக்கு ஒன்ன யாருன்னே தெரியாது."

பக்கத்தில் மடியில் ஒரு கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பது ஏன் என்று புரியாமல் விழித்தாள். பிறகு மேடையில் இருந்த என்னைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்களிடம் சிரிப்பதுபோல மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்துவிட்டு, குழந்தையின் வாயில் ஒட்டியிருந்த கேசரியைத் துடைத்தாள்.